மழலையர் பள்ளியில் சேர்க்கும் முன்: எங்களுக்குக் காட்டிய அறை வேறு, மகள் உட்கார்ந்த அறை வேறு

பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் விடப்போகும் பெற்றோர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கையாண்ட முறையைத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதை எந்தப் பள்ளியும் கையாளலாம்.

சேர்க்கைக்கு முன் எங்களுக்கு ஓர் அறையைக் காட்டினார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மர அலமாரிகள். அவற்றில் ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி பத்து சென்டிமீட்டர் வரை படிப்படியாகப் பெரிதாகும் இளஞ்சிவப்புக் கனசதுரங்கள், விரலால் தடவி எழுத்தின் வடிவம் அறிய மணல்தாள் எழுத்துகள், உருளைக் கட்டைகள். எல்லாம் முறையான மாண்டிசோரி சாதனங்கள், அதாவது பிள்ளை தானே கையாண்டு கற்பதற்கானவை. ஓர் ஆசிரியை தரையில் அமர்ந்து ஒரு சிறுவனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, உடன் ஓர் ஆயா என்று உறுதி கூறினார்கள். ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அறையில் என் மகளுக்கு வகுப்பே நடக்கவில்லை. அவளை உட்காரவைத்தது மாடியில் இருந்த வேறோர் அறையில்.

அது எங்களுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவர்கள் அனுப்பிய புகைப்படங்கள். வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் படம் வரும். கனசதுரங்களை அடுக்குகிறாள், மணல்தாளில் விரல் வைத்திருக்கிறாள், உருளைகளைக் குழிகளில் பொருத்துகிறாள். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து பார்த்தோம். ஒரு நாள் என் கணவர் அந்தப் படங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். வெவ்வேறு வாரங்களில் வந்த படங்கள் எல்லாவற்றிலும் அவள் ஒரே சட்டை, ஒரே ரிப்பன் அணிந்திருந்தாள். ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை அலமாரிக்கு அலமாரி நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, மறுபடியும் மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அதற்குள் அவளும் மாறியிருந்தாள். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று அதட்டினாள். பள்ளியிலிருந்து வந்ததும் நேரே கழிவறைக்கு ஓடினாள். மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமல் போனோம். வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருக்க, பெரிய தொலைக்காட்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை இல்லை, வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஒரே ஓர் ஆயா எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பிள்ளைகளை ஒருவராகக் கழிவறைக்கு அழைத்துப்போக முடியாததால் குறித்த நேரத்தில் மட்டும்தான் அனுமதி. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அந்த நிலையில் விட்டவர்கள் மேல்தான் கோபம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மூன்று நான்கு வயதில் திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஓடியாடுவதற்கு நாளில் மூன்று மணி நேரமாவது வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே காலைப் பொழுது முழுவதும் நேர்மாறாக நடந்தது.

பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று இருப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம். அது எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுப்பெயர் என்று அமெரிக்க வணிகக்குறி வாரியம் 1967லேயே முடிவு செய்துவிட்டது. 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தம் முதல் பள்ளியான குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக. சாதனத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து, வேண்டிய மட்டும் வைத்திருந்து, தானே திருப்பி வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முறையின் உயிர். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது அந்தச் சாதனங்களின் விளிம்பைப் பாருங்கள். தினமும் பிள்ளைகள் கை பட்டவை தேய்ந்திருக்கும், மூலைகளில் வண்ணம் போயிருக்கும். எங்களுக்குக் காட்டியவை புத்தம் புதிதாகப் பளபளத்தன.

'உங்கள் வகுப்பறையைக் காட்டுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'என் பிள்ளை உட்காரப்போகும் அறை எது, அவளுக்கு ஆசிரியை யார்?' என்று கேளுங்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் சாதாரண வேலைநாளில் போய், ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று வகுப்புக்குள் விடாத நல்ல பள்ளிகளும் உண்டு, ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதையும் மறுத்தால் வேறு பள்ளி தேடுங்கள். ஆசிரியை எத்தனை காலமாக அங்கே இருக்கிறார், அவர் விடுப்பில் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் விசாரியுங்கள். கழிவறையைக் கட்டாயம் பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்பதையும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்காமல் முழுக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதல் சில வாரங்கள் அழுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. பள்ளி நிர்வாகி எங்கள் வாயை அடைக்கவும் இதையேதான் சொன்னார். பெற்றோர் தலை மறைந்ததும் அடங்கி, நாள் போகப் போகக் குறையும் அழுகை வேறு. வீட்டில் பழகிய கழிவறைப் பழக்கம் கெடுவது, தூக்கத்தில் பதறி எழுவது, ஒருவர் பெயரைக் கேட்டாலே மிரள்வது எல்லாம் வேறு. இவற்றைக் கண்டால் 'சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

மகளை அன்றே நிறுத்திவிட்டோம். ஒரு காசும் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படி அச்சிட்டிருக்கிறதாம். ரசீது, ஒரே சட்டையுடன் வந்த படங்கள், அவை வந்த தேதிகள் எல்லாவற்றையும் இணைத்து எழுத்துமூலம் முறையீடு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.