பூனையின் அரிப்புக்குப் பெயர் சொல்லாத ஊசியும் முடிப் பரிசோதனையும்: ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கித் தை வரை, எங்கள் பூனை சுண்டுவின் அரிப்புக்காகச் சென்னையில் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைக்கு அலைந்து 31,000 ரூபாய் செலவழித்தோம். பணத்தைவிட, நாங்கள் ஏமாந்த விதம்தான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுண்டு, வால் தொடங்கும் இடத்தை ஓயாமல் நக்கி நக்கி முடியை உதிர்த்துக்கொண்டிருந்தான். கழுத்தைத் தடவினால் தினை அளவுப் பொருக்குகள் விரலில் நெருடின. டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபுட் அலர்ஜிம்மா" என்றார். அன்றைக்கே ஓர் ஊசி போட்டார்கள். எந்த உணவு ஒவ்வாது என்று பூனையின் முடியை வைத்தே சொல்வதாக, 5,500 ரூபாய்க்கு முடிப் பரிசோதனை கிட் ஒன்றை விற்றார்கள். தானியம் சேராத உணவு என்று மாதம் 3,200 ரூபாய்க்கு ஒரு பையையும் கையில் கொடுத்தார்கள். சிகிச்சை அட்டையில் தேதியும் ஒரு கையெழுத்தும் இருந்தனவே தவிர, ஊசியின் பெயர் இல்லை.

நான்கே நாளில் அரிப்பு நின்றது. ஏமாற்று முழுவதும் அடங்கியிருந்தது இந்த இடத்தில்தான். அது நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி என்பதும், அரிப்புக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் சில வாரங்களுக்கு அது அடக்கி வைக்கும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எனவே உணவுதான் குணப்படுத்தியது என்று நம்பி, அடுத்த பையையும் நாங்களே கேட்டு வாங்கினோம். ஐந்தாறு வாரத்தில் அரிப்பு திரும்பியபோது, "வெளியில ஏதாவது சாப்பிட்டிருப்பான்" என்று சொல்லி மறுபடியும் ஊசி போட்டார்கள். இப்படி ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றும் 800 ரூபாய்.

முடிப் பரிசோதனையின் அறிக்கை, அரிசி, சோளம், தக்காளி உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்களைத் தவிர்க்கச் சொன்னது. தக்காளியைச் சுண்டு முகர்ந்துகூடப் பார்த்தவனில்லை. சந்தேகப்பட்டு, அதே கிட்டை நானே தனியாக வாங்கி, அதே சுண்டுவின் முடியை வேறொரு பெயரில் அனுப்பினேன். வந்த பட்டியலில் தக்காளி இல்லை. முதல் அறிக்கை "பாதுகாப்பானது" என்ற கோழி இருந்தது. அந்த இரண்டாவது 5,500 ரூபாயை மட்டும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் சுண்டு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கினான். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் இருமடங்காயின. வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா என்ன ஊசி போட்டாங்க, எப்போ?" என்பதுதான். இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. இத்தகைய ஸ்டீராய்டை அடிக்கடி செலுத்தினால் பூனைகளுக்கு நீரிழிவு வரக்கூடும் என்று அவர் விளக்கினார். மூன்று மாதம் தினமும் இருவேளை இன்சுலின் போட்ட பிறகே அதிலிருந்து மீண்டான். எல்லாப் பூனைகளும் இப்படி மீள்வதில்லையாம்.

அரிப்பின் காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு பேன் சீப்பும் ஈரமான வெள்ளைக் காகிதமும்தான். சீவியதில் உதிர்ந்த கருந்துகள்கள் ஈரத்தில் பட்டதும் துருச் சிவப்பாகக் கரைந்தன. அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். மூன்றாம் மாடியில், வெளியே விடாமல் வளர்க்கும் பூனைக்குத் தெள்ளா என்று வாதாடினேன். மாடிப்படியில் படுக்கும் தெருப்பூனைகளிடமிருந்து நம் கால், உடை வழியாகவும் அது உள்ளே வரும் என்றும், தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும் என்றும், நக்கும்போது பூனையே பூச்சிகளை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் அகப்படாமல் போகலாம் என்றும் சொன்னார். பூனைகளுக்கென்றே உள்ள செலமெக்டின் சொட்டு மருந்தைச் சுண்டுவுக்கும் வீட்டிலிருந்த மற்றொரு பூனைக்கும் மாதம் ஒருமுறை பிடரியில் விட்டோம். பாய், மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்தோம்.

உணவு ஒவ்வாமை பூனைகளுக்கு வராது என்று சொல்லவில்லை. வரும், முகமும் கழுத்தும் அதிகம் அரிப்பதுண்டு. தானியத்தைவிட மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. ஆனால் அதை முடியாலோ எச்சிலாலோ கண்டறிய முடியாது, இரத்தப் பரிசோதனையையும் நம்ப முடியாது. எட்டு வாரமாவது மருத்துவர் சொல்லும் ஒரே உணவைக் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திருப்பித் தந்து அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. அந்தச் சோதனையின் நடுவே ஸ்டீராய்டு புகுந்தால் விடை குழம்பிவிடும். படர்தாமரையாக இருந்தாலோ ஸ்டீராய்டு அதை மேலும் பரப்பும், நமக்கும் ஒட்டும்.

இன்னொன்று: முதல் மருத்துவமனையை ஒட்டிய கடையில், நாய்க்கான தெள்ளு மருந்தைப் "பாதி அளவு விட்டால் போதும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். உறையில் பெர்மெத்ரின் என்று அச்சிட்டிருந்தது. பூனையின் உடலால் அதை முறிக்க இயலாது. வலிப்பு வந்து இறக்கவும் நேரும். நல்ல வேளையாக அதை நாங்கள் பிரிக்கவே இல்லை.

போட்ட ஐந்து ஊசிகளின் பெயரை எழுதித் தரும்படி கேட்கச் சென்றேன். "அதெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லைம்மா" என்றார் வரவேற்பறையில் இருந்தவர். இரண்டு முடி அறிக்கைகளையும், பெயரில்லாத அந்த அட்டையின் நகலையும் இணைத்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.