தும்புத்தூள் கட்டி: காட்டுக் கள்ளிக்கு வாங்கலாமா?

மலையகத்தில் பூஞ்செடிச் சாமான் விற்கும் கடைகளில் 650 கிராம் தும்புத்தூள் கட்டி தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் போதும், உடனே நடலாம் என்றுதான் விற்கிறார்கள். கீரை நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் அது சரிவரும். காட்டுக் கள்ளிகளான கிறிஸ்மஸ் கள்ளியையும் இரவில் பூக்கும் கடுபுல்லையும் அதில் மட்டும் நட்டால் ஒரு மழைக்காலம் தாண்டுவது கஷ்டம்.

காரணம் வேரில் இருக்கிறது. கிறிஸ்மஸ் கள்ளி பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகளில் மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் தொற்றி வளர்வது. நம் காட்டு மரங்களில் பச்சைக் கயிறு போலத் தொங்கும் ரிப்சாலிஸும் அதே பழக்கம்தான். சிங்களத்தில் நவஹந்தி என்பார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இனம் அது. மழை நனைத்ததும் காற்று வந்து உலர்த்திவிடும் இடங்களில் பழகிய வேர்கள் இவை. தும்புத்தூளோ தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஈரக்காற்றில் சாடி பத்து நாளானாலும் காயாது. வேர் மூச்சுமுட்டி அழுகும்.

ஆனாலும் கட்டியை வாங்கலாம் என்றே சொல்கிறோம். விலை குறைவு, தூக்க இலேசு, ஒருமுறை காய்ந்தாலும் மறுபடி சுலபமாக நனையும். வேலை வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கழுவுங்கள். மட்டை ஊறப்போட்ட இடத்தைப் பொறுத்துத் தூளில் உப்பு இருக்கும். உப்பு கூடினால் புது வேரின் நுனி கருகும். பெரிய வாளியில் கட்டியைப் போட்டு 4 லீற்றர் தண்ணீர் ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் 8 லீற்றர் அளவுக்குப் பொங்கும். பழைய சாக்கில் கொட்டிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கடும் சாயத்தண்ணி நிறத்தில் வரும். மூன்றாம் கழுவலில் நிறம் வெளுக்கும். அதன்பிறகு 4 லீற்றர் தண்ணீரில் 10 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒருமுறை அலசினால் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பெரும்பாலும் கழன்றுவிடும்.

அடுத்தது கலவை. ஓர்கிட் செடிக்கு விற்கும் பொச்சுத் துண்டு, விரல்நுனி அளவில், 4 பங்கு. கழுவிய தூள் 2 பங்கு. நொறுக்கிய மரக்கரி 1 பங்கு. சலித்த சல்லி 1 பங்கு. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வறட்சி என்பதால் தூளை 3 பங்காக்கலாம். கலந்ததை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்து, கையை விரித்ததும் பிடி உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் தூள் அதிகம்.

சாடி 10 முதல் 12 சென்ரிமீற்றர் போதும். பெரிய சாடி என்றால் வேர் எட்டாத நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். கிழமைக்கு எத்தனை தடவை தண்ணீர் என்று கணக்கு வைக்காதீர்கள். சாடியைத் தூக்கிப் பார்த்து, இலேசானால் மட்டும் ஊற்றுங்கள்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்: தண்டு சுருங்கியதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். கலவை ஈரமாக இருந்தும் தண்டு சுருங்கினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வேரை மெல்ல இழுங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல் உறுதி. நல்ல தண்டில் 2, 3 கணுத் துண்டுகளாகத் திருகி எடுத்து, வெட்டுவாய் காயும்வரை இஸ்தோப்பு நிழலில் வையுங்கள். வெயில் காலத்தில் 2, 3 நாள், நுவரெலியாப் பனிமூட்டத்தில் 5 நாள்கூட ஆகும். பிறகு 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றலாம்.

தும்புத்தூளில் தழைச்சத்து கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பொச்சுத் துண்டு மக்கும்போது இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். செடி வெளிறுவது அதனால்தான். கரையும் உரம் லீற்றருக்கு 1 கிராம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. கிறிஸ்மஸ் கள்ளிக்கு செப்டெம்பரில் நிறுத்திவிடுங்கள். மொட்டு வைக்க நீண்ட இரவு வேண்டும் என்பார்கள்; டிசம்பரில்கூட இங்கே இரவு ஏறத்தாழ பன்னிரண்டேகால் மணித்தியாலம்தான். மொட்டு வைக்க வைப்பது 10 முதல் 15 பாகை இரவுக் குளிர். அந்தக் குளிரில் தூள் சொதசொதவென்று இருந்தால் வைத்த மொட்டு உதிரும். சாடியை அடிக்கடி இடம்மாற்றினாலும் உதிரும்.

தூள் இரண்டு வருடத்தில் நைந்து சேறாகிவிடும். அதற்குமுன், பூத்து முடிந்த கையோடு கலவையை மாற்றுங்கள். மிஞ்சிய கட்டியைச் சமையலறை ஈரத்தில் வைக்க வேண்டாம்; உறை கிழிந்திருந்தால் காற்று ஈரத்தை உறிஞ்சி பூஞ்சணம் பிடிக்கும்.