டெக்னாம் பி2008: வாவிக்கரையில் வைத்திருக்கத் தோதான விமானமா?

மட்டக்களப்பு விமான நிலையத்தின் திமிலைதீவு ஓடுபாதையில் சொந்த விமானம் இறக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பார்க்கத்தக்கது டெக்னாம் பி2008 ஜேசி. இத்தாலித் தயாரிப்பு, இரண்டே இருக்கை, உடல் காபன் நார், இறக்கை அலுமினியம், முன்னால் 100 குதிரைவலு ரோட்டக்ஸ் 912 எஞ்சின். பறப்பில் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. வில்லங்கமெல்லாம் நிறுத்தி வைத்திருக்கும்போதுதான்.

பெரிய லாபம் எரிபொருளில். விமானப் பெற்றோலான அவ்காஸைத் தேடி அலையத் தேவையில்லை, 95 ஒக்ரேன் பெற்றோல் போதும். 92 ஊற்றக்கூடாது, எஞ்சின் தட்டும். அவ்காஸில் ஈயம் இருப்பதால் அது ஒயில் தாங்கியிலும் கியர்பெட்டியிலும் மண்டியாகப் படியும். அதையே அதிகம் பாவித்தால் 100 மணித்தியாலத்துக்கொருமுறை மாற்றும் ஒயிலை 50இல் மாற்ற வேண்டும். ஒருமுறைக்கு சுமார் 3 லீற்றர். ஆனால் பெற்றோலைக் கலனில் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் வடிகட்டிப் புனலும் எர்த் வயரும் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. மாரியில் கலனுக்குள் தண்ணீர் வியர்க்கும். பறக்குமுன் அடிவால்வில் கொஞ்சம் வடித்துக் கண்ணாடிக் குவளையில் பார்த்தால் தண்ணீர் அடியில் குமிழாக உருண்டு நிற்கும்.

எடைக் கணக்கில்தான் பலர் ஏமாறுவார்கள். உச்ச எடை 650 கிலோ. கருவிகளெல்லாம் பூட்டிய வெற்று விமானம் 430 என்று வைத்தால் மீதி 220. ஆளுக்கு 85 கிலோ என்றால் பெற்றோலுக்கு 50 கிலோ மிஞ்சும், அதாவது 70 லீற்றர்வரை. 124 லீற்றர் தாங்கி இருந்தும் அதை நிரப்ப முடியாது. மணிக்கு சுமார் 20 லீற்றர் எரியும். இரத்மலானைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கடல்மைல், ஆனால் அது மலைநாட்டின் மேலால் போகும் வழி. ஒற்றை எஞ்சினோடு பின்னேர முகிலுக்குள் அங்கே போவதைவிட, பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் பக்கம் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் கூடும். போய்வர 55 லீற்றர், கையிருப்போடு மட்டுமட்டாகச் சரிவரும். பெட்டி படுக்கை ஏற்ற நினைத்தால் அங்கே மீண்டும் நிரப்பித்தான் திரும்ப வேண்டும்.

கச்சான் என்ற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் 37 பாகை தொட்டால், கடல்மட்டத்தில் நின்றாலும் காற்று 2,600 அடி உயரத்துக் காற்றைப்போல ஐதாகிவிடும். 15 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி என்பது கணக்கு. ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை தாராளம், மேலேறும் வேகம்தான் சோர்ந்துபோகும். ஓடுபாதை 06/24 திசையில், அதாவது வடகிழக்கு-தென்மேற்காகக் கிடப்பதால் கச்சானும் வடகீழ் வாடையும் பெரும்பாலும் நேரே முகத்துக்கு வரும். பக்கக்காற்றுத் தொல்லை குறைவு, இது இந்தத் தளத்தின் கொடுப்பினை.

இனி உப்பு. காபனும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். போல்ட் தலைகளைச் சுற்றி வண்ணம் கொப்பளித்தால் அதுதான் முதல் அறிகுறி. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். வாவியோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கழுவாமல் விடுவதே மேல். வேகம் அளக்கக் காற்றை வாங்கும் பிற்றோ குழாய்க்கும் பெற்றோல் தாங்கியின் காற்றுத் துளைக்கும் மூடி போடாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், வேகமானி பொய் சொல்லும்.

ரோட்டக்ஸின் இன்னொரு முகம் நாட்கணக்கு. எரிபொருள், குளிர்நீர், ஒயில் குழாய்கள் உட்பட றப்பர் பாகங்களை ஐந்து வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், பறந்தாலும் பறக்காவிட்டாலும். எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கக் கெடு 2,000 மணித்தியாலம் அல்லது 15 வருடம், எது முந்துகிறதோ அது. வருடத்துக்கு 30 மணி பறப்பவர் 450 மணிக்குள்ளேயே அந்தப் 15 வருடத்தை முடித்துவிடுவார். ஆகவே நாலு பேர் சேர்ந்து வாங்குவதுதான் புத்தி.

கார் மெக்கானிக்குக்குப் புரியாத சில பழக்கங்களும் உண்டு. ஒயில் அளக்குமுன் சுவிச் அணைந்திருப்பதை உறுதிப்படுத்தி, ஒயில் தாங்கி 'களக்' என்று கொப்பளிக்கும்வரை புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும், சுழலும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் ஒயில் வழிக்குள் காற்றுப் புகும். காபரேற்றர் மிதவை பெற்றோலைக் குடித்து அமிழ்வது தெரிந்த கோளாறு. ஒரு காபரேற்றரின் சோடி மிதவை 7 கிராமுக்கு மேல் நிறுத்தால் மாற்ற வேண்டும். காட்டிக்கொடுப்பது பெற்றோல் வாடையும் மெல்லோட்டத்தில் வரும் உதறலும். காபரேற்றர் இரண்டும் ஒத்து ஓடாவிட்டாலும் அதே உதறல் வரும், அது நாளடைவில் கியர்பெட்டியைத் தின்னும்.

நாலு இருக்கை வேண்டுமென்றால் டயமண்ட் டிஏ40 என்ஜி ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடும், ஆனால் அதன் எஞ்சின் கணினியைத் தொட அதற்கென்று பயின்றவரே வேண்டும். சிறஸ் எஸ்ஆர்22இல் முழு விமானத்துக்கும் பரசூட் உண்டு, பத்து வருடத்துக்கொருமுறை அதை மாற்றும் செலவும் சேர்ந்தே வரும்.

டெக்னாமுக்கு முன்பணம் கட்டுமுன், கூரையும் பூட்டும் உள்ள நிறுத்துமிடத்துக்கு எழுத்தில் அனுமதி கையில் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் விமானத்தை இரத்மலானையில் வைத்துக்கொண்டு இங்கே வந்துபோவதே மலிவு.