டிவிக்குப் பின்னால் ‘கல் சுவர்’ போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஹாலில் ஸ்டோன் ஃபினிஷ், அதாவது சுவரில் பூச்சை அப்பிக் கல் மாதிரி வண்ணம் ஒற்றுகிற வேலை, போட ஆசைப்பட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். எனக்கு 12,000 ரூபாய் போயிற்று. பணத்தைவிட அந்தச் சுவர் இப்போது நிற்கிற கோலத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை, அதன்மேல் அடுக்கடுக்காக டிஸ்டெம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஹாலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சுவர் மட்டும் காயவே இல்லை. கீழே இரண்டடிக்கு ஓதம். ஓதம் முடிகிற இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல உப்பு பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிடுவோம், பத்து நாளில் திரும்பப் பூத்திருக்கும்.

தங்கைக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நேர் எதிரே உட்கார்ந்து அந்தச் சுவரைத்தானே பார்ப்பார்கள் என்று ஆள் தேடினேன். தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், எழுதி இன்னொரு வம்பை வாங்க எனக்குத் தெம்பில்லை. செல்போனில் ஐம்பது அறுபது படம் காட்டினார். கருங்கல், மணற்கல், செங்கல், எல்லாமே பங்களா ஹால்கள். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, டேப்பை மட்டும் நீட்டினார். 12க்கு 9, ஆக 108 சதுர அடி, அடிக்கு 130 ரூபாய். “ரவுண்டா பதினாலு குடுங்க சார். கம்பெனி மெட்டீரியல், பத்து வருசத்துக்கு அசையாது.”

ஓதத்தை நானேதான் காட்டினேன். “மேல கல்லு வந்துட்டா ஓதம் எங்க சார் தெரியப்போவுது?” என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. தெரியாது என்றாரே தவிர, இருக்காது என்று சொல்லவில்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை. 8,000 கொடுத்தேன்.

ஆடி கடைசியில் இரண்டு பையன்களோடு வந்தார். பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டவில்லை, உப்புத்தாளை மேலோட்டமாக இழுத்ததோடு சரி. பிரைமரும் இல்லை. மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் கல் கல்லாகக் கட்டம் பிரித்தார்கள். கம்பெனி பெயர் போட்ட 20 லிட்டர் வாளி ஒன்று வந்தது. மூடியின் சீல் ஏற்கெனவே பிய்ந்திருந்தது. உள்ளே இருந்தது வெள்ளைப் பொடி. பையன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியில் கொட்டி, எங்கள் போர் தண்ணீரை ஊற்றிக் குழைத்து, ஓட ஓட அப்பினான். பக்கத்திலேயே டிரம் நிறைய மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், இருந்தது. ஒருமுறை வழியில் கிடந்த சட்டியை நான் எடுத்து நகர்த்தினேன். வெந்நீர் ஊற்றியதுபோலச் சூடாக இருந்தது. ஏதோ கெமிக்கல் போல என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் டேப்பை உரித்து, ஸ்பாஞ்சில் மூன்று சாம்பல் நிறங்களைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தார்கள். வேலை நடுவில் இன்னொரு 4,000 வாங்கியிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நிச்சயதார்த்தப் படங்களில் அசல் கருங்கல் சுவர் மாதிரியே தெரிகிறது.

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும். ராத்திரி ‘தொப்’பென்று சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துப் போய் விளக்கைப் போட்டால், டிவி மேஜைக்குக் கீழே ஒரு ‘கல்’ இரண்டாக உடைந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எங்கள் பழைய பச்சை டிஸ்டெம்பர், தோல் உரிந்த மாதிரி அப்படியே அதோடு வந்திருந்தது. சுவரில் அது இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்புடா” என்றார். கார்த்திகைக்குள் கீழ் மூன்று வரிசையும் காலி.

போன் செய்தால், “உங்க வீட்டு போர் தண்ணி சரியில்ல சார், அதான்” என்றார். மெட்ரோ தண்ணீர் பக்கத்தில் இருந்ததே என்று கேட்டேன். பாக்கி 2,000 கொடுத்தால் வந்து ‘டச்சப்’ செய்வதாகச் சொன்னார். அதோடு சரி, எடுப்பதில்லை.

அப்புறம் காசிமேட்டிலிருந்து வயதான பெயிண்டர் ஒருவரைக் கூட்டி வந்தேன். உடைந்த துண்டை நகத்தால் கீறிவிட்டு, முதலில் கேட்ட கேள்வியே, “தம்பி, கலக்குறப்ப சட்டி சூடாச்சா?” அந்த வெள்ளைப் பொடி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாம், அது இறுகும்போது சூடேறுமாம். கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும் என்பதால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்திருக்கிறார்கள். காய்ந்த சுவரில் அது நிற்கும், ஈரம் ஏறினால் இளகும். இந்த மாதிரி வேலைக்குக் கம்பெனி வாளியில் வரும் டெக்சர் பெயிண்ட் கெட்டிக் களிம்பாக இருக்கும். பொடியாக வந்தால் அது சாக்கில்தான் வரும். எனக்கு வந்தது காலி வாளியில் நிரப்பிய சரக்கு. வார்னிஷ் இன்னும் மோசம். வெளியே வர வழியில்லாத ஈரம் பின்னாலேயே நின்று, உப்பு அங்கேயே கட்டி, கல்லை நெம்பித் தள்ளிவிட்டது.

வேலைக்குச் சம்மதிக்கும் முன் அவர் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் என்று விடலாமாம், உள்பக்கம் என்றால் சுவரிலிருந்தே வருகிறது. டிஸ்டெம்பரைக் காரை வரைக்கும் சுரண்ட வேண்டும், உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும், கோடை முழுக்கச் சுவரைத் திறந்து போட வேண்டும். “அதுக்கப்புறம் கல்லு போடலாமா வேணாமான்னு பேசலாம்” என்று சொல்லிவிட்டு, அட்வான்ஸ் நீட்டியும் வாங்காமல் போய்விட்டார்.

இப்போது பாதிச் சுவர் காரை, மேலே நாலைந்து கல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. அந்த 20 லிட்டர் வாளி நல்ல கனமான வாளி. லாரி வரும்போது அம்மா அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்.