ஹகோஸுகா ஹார்ட்டாப்பைப் பட்டறையில் விடப்போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஜப்பானில் இருந்துகொண்டு ஹகோஸுகா என்று செல்லப்பெயர் கொண்ட பழைய நிஸான் ஸ்கைலைன் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த நாட்டில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்குப் போட இடம் உண்டு. பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று நிரூபிக்கும் பாடு நம் தலையில் விழும். பழைய நிஸான்களுக்கென்றே நடக்கும் கடை, சுவரெல்லாம் பந்தயப் படங்கள், வாசலில் பளபளக்கும் வண்டிகள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

என்னுடையது 1971 ஸ்கைலைன் 2000ஜிடி, இரண்டு கதவு ஹார்ட்டாப், அதாவது பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத உடம்பு. வண்டி எண் கேஜிசி10 என்று தொடங்கும். எஞ்சின் எல்20, ஆறு சிலிண்டர், ஒற்றை கேம். பந்தயத்தில் பேர்போன ஜிடி-ஆர் கிடையாது, அது தெரிந்தேதான் வாங்கினேன். எனக்குப் பிடித்தது பின்பக்கத் தகட்டில் ஓடும் அந்த மடிப்பு. சர்ஃப் லைன் என்பார்கள். பின் சக்கரத்தின் உச்சியை உரசிக்கொண்டு பம்பர் வரை ஒரே வீச்சில் போகும். என் வண்டியில் இரண்டு பக்கமும் அது வெட்டுப்படாமல் இருந்தது. அப்படி ஒன்று கிடைக்கத் தேடி அலைய வேண்டும்.

ஏன் என்று கேட்டால், இந்த வண்டியின் செல்லப்பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். பிரின்ஸ் கம்பெனி 1966இல் நிஸானோடு இணைந்தது. அதன்பின் 1968 ஜூலையில் வந்த ஸ்கைலைன் இது, உள் அடையாளம் சி10. ஹகோ என்றால் பெட்டி. ஸுகா, ஜப்பானிய வாயில் ஸ்கைலைனின் முதல் பாதி. மூலை மூலையாக நின்ற உடம்பைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர், கம்பெனி வைத்ததல்ல. 1972இல் வந்த அடுத்த மாடலுக்கு கென்மேரி என்று பெயர் ஒட்டியது விளம்பரத்தில் வந்த கென், மேரி ஜோடியால். ஹகோஸுகாவுக்கு அந்த மாதிரி விளம்பர உதவிகூட இல்லை.

இதில்தான் வியாபாரிகளுக்கு வசதி. 1500 சிசி குடும்ப செடானும் ஹகோஸுகாதான், சாமான் ஏற்றும் வேனும் ஹகோஸுகாதான், பந்தயத்தில் ஐம்பது வெற்றி கண்ட ஜிடி-ஆரும் ஹகோஸுகாதான். ஜிடி-ஆர் 1969 பிப்ரவரியில் செடானாக வந்தது, 1970 அக்டோபரில் ஹார்ட்டாப் ஆனது. அதில் இருந்தது எஸ்20 எஞ்சின்: 1989 சிசி, இரட்டை கேம், 24 வால்வு, 7,000 சுற்றில் 160 குதிரைசக்தி. அகலமான பந்தய டயருக்கு இடம் வேண்டுமே, அதற்காக ஹார்ட்டாப்பின் பின் வளைவை வெட்டி, சக்கரத்துக்கு மேல் புடைத்து நிற்கும் கறுப்பு ஓவர்ஃபெண்டர் மாட்டினார்கள். சர்ஃப் லைன் அங்கே அறுந்துபோகும். அதைப் பார்த்துச் சாதா ஜிடி வைத்திருந்தவர்களும் வரிசையாக வெட்டித் தள்ளினார்கள். இன்று விற்பனை அறிவிப்புகளில் "ஜிடி-ஆர் ஷியோ" என்று பார்ப்பீர்கள். ஜிடி-ஆர் மாதிரி செய்தது என்று அர்த்தம். விலையைப் பார்த்தால் அந்த "மாதிரி" மறந்துபோயிருக்கும்.

பட்டறையில் நான் முதல் நாளே சொன்னது, பின் தகட்டின் மடிப்பு அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான். மடிப்பின் மேல் சிவப்புக் கோடு போட்ட படத்தை லைன் செயலியிலும் அனுப்பினேன். பின் வளைவின் உள்பக்கம் துரு இருந்தது. அழுகிய இடத்தை வெட்டி, புதுத் தகடு வளைத்துப் பற்றவைத்து, மடிப்பைக் கையால் எடுத்துத் தர வேண்டும். தலையாட்டினார்கள். எஸ்டிமேட்டில் "வெளிப்புற வேலை, இஷ்ஷிகி" என்று ஒரே வரி. மொத்தமாக எல்லாம் சேர்த்து என்று பொருள்.

மாதக்கணக்கில் இழுத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஃபைபர் ஓவர்ஃபெண்டர் மாட்டியிருந்தது. கிரில்லில் சிவப்பில் ஆர் எழுத்து வேறு. உரிமையாளர் அதைத் தடவிக் காட்டி "ஸாபிஸு" என்றார். இங்கே கடைக்காரர் வாயில் அந்தச் சொல் வந்தால் இலவசம் என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு ஜப்பானிய மொழி போதவில்லை.

"எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள், விலையும் கூடும்" என்றார். உண்மைக் காரணம் வேறு. துருப்பிடித்த வளைவில் மடிப்போடு தகடு செய்வது பொறுமையான வேலை, கை தேர்ந்த ஆள் வேண்டும். வளைவையே அரிந்து எறிந்துவிட்டு மேலே ஃபைபரை வைத்துத் திருகிவிட்டால் துருவும் போச்சு, வேலையும் போச்சு. பணம் மட்டும் தகடு வேலைக்கான பணம்.

வெட்டிய தகடு, பழைய கார்புரேட்டர், இரும்பு வீல்கள், வீல் கேப், ஜிடி எழுத்துகள் எங்கே என்று கேட்டேன். "ஷோபுன்" என்றார், கழித்துக்கட்டியாயிற்றாம். ஐம்பது வருஷ ஸ்கைலைனின் அசல் வீல் கேப்பை எந்தப் பழைய கார் கடைக்காரர் குப்பையில் போடுவார்?

அதோடு முடியவில்லை. வேறொரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றினோம். அங்கிருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து, பெயின்ட் கீறாமல் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற இரும்புச் சட்டம் நெடுகத் தடவினார். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டியது, ஒரு சாண் தாண்டியதும் நழுவியது. அதற்கப்புறம் பின் சக்கரம் வரை எங்கும் ஒட்டவே இல்லை. கறுப்பு அண்டர்கோட்டைச் சுரண்டினால் உள்ளே முழுக்கப் பட்டி, பள்ளம் நிரப்பப் பூசும் பசை. பில்லில் அந்த இடத்துக்கு எழுதியிருந்தது "பான்கின்", அதாவது தகடு வேலை. ஹார்ட்டாப்பில் நடுத்தூண் கிடையாது, பாரத்தைத் தாங்குவதே அந்த சில்தான். பெயின்ட் கெட்டால் கெடட்டும் என்று விடலாம், இதை விட முடியாது.

188க்குப் போன் செய்தேன். எந்த ஊரிலிருந்து அடித்தாலும் உள்ளூர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். நேரில் போனேன், அங்கிருந்த அம்மா முதலில் கேட்டது எஸ்டிமேட். "இஷ்ஷிகி"யைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். லைனில் போன படத்தைக் காட்டியதும் முகம் மாறியது: பக்கத்தில் "படித்தாயிற்று" என்ற குறி இருந்தது. அவர் கடைக்குப் பேசிய பிறகு ஓவர்ஃபெண்டர் கூலியும் சில் வேலைக்கான பணமும் திரும்பி வந்தன. பழைய பாகங்களுக்கு ஒரு யென் வரவில்லை. வெட்டின தகடு வெட்டினதுதான்.

எனவே எஸ்டிமேட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரி கேளுங்கள். எங்கே தகடு, எங்கே பட்டி என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றும் பாகமெல்லாம் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பிரைமர் அடிப்பதற்கு முன்பு ஒருமுறை காந்தத்தோடு நேரில் போய்விடுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கிரில்லை நம்ப வேண்டாம், ஷாகென் எனப்படும் வண்டிப் பரிசோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஜிடி-ஆர் ஹார்ட்டாப் என்றால் வண்டி எண் கேபிஜிசி10 என்று தொடங்க வேண்டும், எஞ்சின் வகையில் எஸ்20 இருக்க வேண்டும். கேஜிசி10, எல்20 என்றிருந்தால் அது என் வண்டியின் அண்ணனோ தம்பியோதான், எத்தனை ஆர் ஒட்டியிருந்தாலும் சரி. தாளில் உள்ள எண்ணும் எஞ்சின் அறையில் உடம்பில் அடித்த எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் பேரமே பேச வேண்டாம்.

சில் வேலை இப்போது அந்தப் பெரியவரின் பட்டறையில் நடக்கிறது. பின் தகட்டுக்கு அவர் இன்னும் விலை சொல்லவில்லை. கடைப் பெயர் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். எஸ்டிமேட்டைப் படமெடுத்து அனுப்பினால் எந்தெந்த வரியைப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.