‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’: ஆசிரியையாக மறுமுறை பார்த்தபோது

ஜான் ஹியூஸ் எழுதி இயக்கி 1985-இல் வெளிவந்த இந்தப் படத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்தபோது, முரட்டுப் பையன் பெண்டர்தான் எனக்கு நாயகன். பதினைந்து ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்திவிட்டு அண்மையில் மறுபடியும் பார்த்தபோது, என் கண் படிப்பாளிப் பையன் பிரையன் மேலும் வசதியான வீட்டுப் பெண் கிளேர் மேலுமே நின்றது.

தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுவதும் பள்ளி நூலகத்தில் உட்கார வைக்கப்படும் ஐந்து மாணவர்களின் பேச்சுதான் மொத்தப் படமும். அவர்கள் தரையில் அமர்ந்து மனம்விட்டுப் பேசும் நீண்ட காட்சி இன்றும் உலுக்குகிறது. நன்றாகப் படிக்கும் பிரையன், தும்பிக்கையை இழுத்தால் எரிய வேண்டிய யானை விளக்கு ஒன்றைச் செய்கிறான். அது எரியவில்லை, அந்தப் பாடத்தில் அவன் தோற்றுப்போகிறான், அதைத் தாங்க முடியாமல் உயிரை விடும் எண்ணத்தோடு லாக்கரில் துப்பாக்கி கொண்டுவந்து வைக்கிறான். மதிப்பெண் பட்டியலை வாங்கும்போது கை நடுங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறவள் என்பதால், அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால், பெண்டர் நாள் முழுவதும் கிளேரைச் சொல்லால் குத்துகிறான். மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும்போது அவளுடைய பாவாடைக்குள் பார்க்கிறான். எதற்கும் மன்னிப்புக் கேட்பதில்லை. முடிவில் அவளே தன் வைரத் தோட்டைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள். பெயிண்டைக் கொட்டியதற்காக அவனுடைய அப்பா சுருட்டால் சுட்ட தழும்பைக் காட்டி, அவன் வலியை நமக்குப் புரியவைக்கும் படம், கிளேர் பட்ட அவமானத்துக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கிளேராக நடித்த மாலி ரிங்வால்டே 2018-இல் ‘நியூயார்க்கர்’ இதழில் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார்.

யாரோடும் ஒட்டாத ஆலிசனுக்குத் தலைவாரி, முகத்தை ஒப்பனை செய்துவிட்ட பிறகே மல்யுத்த வீரனான ஆண்ட்ரூவின் பார்வை அவள் மேல் விழுவதும் எனக்கு உறுத்தியது. அவள் அதற்கு முன்பே அழகாகத்தான் இருந்தாள். மற்ற நால்வரும் ஜோடி சேர்ந்துவிட, தண்டனையாகத் தரப்பட்ட கட்டுரையை ஐவருக்கும் சேர்த்து எழுதும் வேலை பிரையன் தலையில் விழுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க இதைப் பரிந்துரைக்கிறேன். மேசைக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, கிளேரின் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், பையன்களிடமும் கேளுங்கள்.