குத்துதா, கடுக்குதா, இழுக்குதா? சேலத்தில் ஆறு வாரம்

எடையைக் குறைக்கும் ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி எனக்கு வலித்தது வயிறு இல்லை, வலது தோள்பட்டை. எலும்புக்குள் ஆணி இறங்குவது போல இருந்தது. வயிற்றில் செய்ததற்குத் தோள் ஏன் வலிக்கிறது, உள்ளே ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து மணியை அழுத்தினேன். நைட் டியூட்டி சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, குத்துதா, கடுக்குதா, இல்ல இழுக்குதா?”

லண்டனுக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அங்கே வலி என்றால் ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். நான் எப்போதும் ஆறு என்பேன். ஆறு என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. அந்த ராத்திரி “குத்துது சிஸ்டர், மூச்சை இழுத்தா இன்னும் குத்துது” என்று சொன்னபோது என் வலியை முதல்முறையாகச் சரியாகச் சொன்னதாக உணர்ந்தேன். சிகிச்சைக்கு ஏன் சேலம் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணங்களில் செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஆனால் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரக்டமி. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்லர் போட்டு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போலக் குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடும். 116 கிலோ, சர்க்கரை, தேய்ந்துபோன முழங்கால், தூக்கத்தில் மூச்சு அடைப்பு. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் முடிவெடுத்தேன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஆறு வாரம் என்பதால் ஜூலைக் கடைசியில் தேதி வாங்கினேன். கல்லீரல் சுருங்குவதற்காக முன்னால் இரண்டு வாரம் இருக்க வேண்டிய திரவ உணவை லண்டனிலேயே தொடங்கிவிட்டேன்.

தோள் வலிக்கு வருகிறேன். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, உப்ப வைத்துத்தான் வேலை செய்வார்கள். முடிந்ததும் எடுத்துவிட்டாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. இதை எனக்கு விளக்கியது அந்த சிஸ்டர்தான், அதுவும் நடக்க வைத்துக்கொண்டே. “படுத்தே கிடக்காதீங்க அக்கா, நடந்தா நல்லது.” ஒரு கையில் டிரிப் ஸ்டாண்டு, இன்னொரு கை அவர் தோளில். வராண்டாவில் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினோம். மூன்றாவது சுற்றில் ஏப்பம் ஒன்று வந்தது. “வந்துச்சா! இனிமே சரியாகும்” என்று அவர் சந்தோஷப்பட்டது என் சொந்தத் தங்கை சந்தோஷப்பட்டது மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கும் நாலரைக்கும் மறுபடி எழுப்பினார். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அந்த நடைதான் மருந்து என்பது பிறகு புரிந்தது. மறுநாள் ரவுண்ட்ஸில் சர்ஜன் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: நாளுக்கு நாள் குறைகிற வலிக்குப் பயப்பட வேண்டாம், கூடுகிற வலிக்கு உடனே வர வேண்டும். காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல், மூச்சு வாங்குதல், நிற்காத வாந்தி, கெண்டைக்கால் வீக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் வரச் சொல்லித் தமிழில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கண்ணங்குறிச்சி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அப்பா ஒட்டிவைத்தார்.

வயிற்றில் ஐந்து துளைகள். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை மட்டும் கொஞ்சம் பெரியது, வலியும் அதில்தான் அதிகம். இருமல் வந்தால், சிரித்தால், கட்டிலிலிருந்து எழுந்தால் அங்கேதான் இழுக்கும். ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லித் தந்தார்கள். மூன்றாம் நாள் அஞ்சு ரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த காரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்தத் தலையணைதான் காப்பாற்றியது. டிரைவர் அண்ணா கேட்காமலே முதல் கியரில் ஏற்றி இறக்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தவைதான் அதிகம்.

பதினைந்து நிமிடத்துக்கு 30 மில்லி, மருந்து பாட்டில் மூடியில் ஒரு மூடி. அதற்கு மேல் ஒரு மடக்கு குடித்தாலும் நெஞ்சு நடுவில் பாறாங்கல் வைத்த மாதிரி அடைக்கும். மூடியில் குடிப்பதைப் பார்க்க அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாப்பேட்டையில் என் மகளுக்காக வாங்கிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, அதில் பருப்புத் தண்ணியை ஊற்றி வாயருகே கொண்டுவந்தார். முதல் வாரம் முழுக்க எனக்கு நாற்பத்தொரு வயது என்பதை நாங்கள் இருவரும் மறந்திருந்தோம். அம்மா பாலாடையைச் சாய்ப்பார், நான் சப்பிக் குடிப்பேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அப்பா “அடுத்தது பத்தேகாலுக்கு” என்பார்.

ஆனால் அம்மாவிடம் ஒன்றில் மட்டும் சண்டை போட வேண்டியிருந்தது. நான் முகம் சுளித்தால் “பொறுத்துக்க கண்ணு” என்பார். பிரசவ வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர், அவருக்கு அது பெருமை. பொறுத்துக்கொண்டால் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டேன், நடக்க மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன். வினை அதில்தான் இருக்கிறது. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு நடப்பது பலவீனம் இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க நான்கு நாள் ஆனது.

எட்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. அப்பா பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு ஓர் அட்டை வாங்கிவந்தார். திருப்பிப் பார்த்தால் பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனக். புதிதாகத் தைத்த இரைப்பையில் அந்த வகை மாத்திரை புண்ணாக்கிவிடும், ரத்தக்கசிவு வரை போகும் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதியிருந்தது. “எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க சார்” என்றாராம் கடைக்காரர். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சீட்டு இல்லாமல் கொடுத்ததற்கு மட்டுமில்லை, வாங்குகிறவருக்கு என்ன ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை கேட்காததற்கு. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டில் யாரை மருந்துக் கடைக்கு அனுப்பினாலும் கையில் தாளோடு அனுப்புங்கள். எனக்கு அனுமதித்தது பாராசிட்டமால் மட்டும், அதுவும் முதல் சில வாரம் சிரப்பாக.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் முன்பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்தேன். வந்த பெண் இரண்டு நாள் இருந்தார், மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியை எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா தினமும் வந்து போட்டார். கடைசி நாள் புடவை கொடுத்தபோதுதான் வாங்கிக்கொண்டார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “வாயைக் கட்டியிருந்தா போதாதா, இதுக்குப் போயி வயித்தை அறுத்துக்கணுமா?” பெரியம்மா ஒருவர் கேட்டார். துளைகளில் இருந்த வலியைவிட அது கடுத்தது. பதினைந்து வருடம் வாயைக் கட்டியவள் நான். இறக்கிய எடை ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. அப்பா நிதானமாக, “சர்க்கரைக்கு மாத்திரை போட்டா யாரும் கேக்கறதில்லீங்க அக்கா, இதுவும் வியாதிதான்” என்றார். அப்பா எனக்காக இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆடித் திருவிழா வந்தது. கோட்டை மாரியம்மன் கோயிலிலிருந்து அம்மா கூழ் கொண்டுவந்தார். எனக்கு இரண்டாவது வாரம், திரவம் மட்டும். டயட்டீஷியனுக்கு போன் போட்டேன். இந்த ஊர் டயட்டீஷியனின் அருமை அங்கேதான் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் வெட்டவில்லை. “பிரசாதமா ரெண்டு பாலாடை, தண்ணியா வடிகட்டி. ஆனா முதல்ல பருப்புத் தண்ணியும் புரோட்டீன் பவுடரும் உள்ள போயிருக்கணும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன், அதை விட்டா முடி கொட்டும், சதை கரையும்” என்றார். வடித்த மோர், பிறகு மசித்த பாசிப்பருப்பு, பிறகு முட்டை வெள்ளை, அவித்த மீன் என்று எங்கள் அடுப்படியில் இருப்பதை வைத்தே அட்டவணை போட்டுக் கொடுத்தவர் அவர்.

சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் கடை போடுவார்கள். பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் கலந்த வாசம் ஜன்னல் வழியாக வரும். பசி துளியும் இல்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. சின்ன வயதில் அப்பா சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து வாங்கித் தந்த சாயங்காலங்கள் அவை. இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்திருக்க வேண்டும். கவுன்சிலிங் என்று ஒன்று முன்னால் அரை மணி நேரம் நடந்தது, பின்னால் எதுவும் இல்லை. எனக்கு இருந்த ஒரே பெரிய குறை அதுதான்.

நான்காவது வாரம் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே குமட்டி, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அதற்குப் பதில் தினமும் காலையில் மூக்கனேரிக் கரையில் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு நடந்த நடைதான் உடம்புக்குச் சேர்ந்தது. முதல் நாள் ஐந்து நிமிடம், கடைசி வாரம் நாற்பது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு: இரைப்பையை வெட்டும் ஸ்டேப்லருக்குப் போடுகிற கார்ட்ரிட்ஜுக்குப் பணம் தனியா, சேர்த்தா என்று தொகையை முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் டிக்கெட் போடாதீர்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பறப்பது ரத்தம் உறையும் ஆபத்து. என்னை ஒரு மாதம் முடியும் வரை ஏறவிடவில்லை. ஏறும்போதும் இறுக்கமான காலுறை, மணிக்கொரு முறை நடை, கையில் தண்ணீர்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கடைசி செக்அப். 104 கிலோ. பி12, இரும்பு, கால்சியம், பித்தக்கல் வராமல் ஆறு மாதத்துக்கு மாத்திரை. எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வராண்டாவில் அதே சிஸ்டர், பகல் டியூட்டியில்.

“அக்கா, இப்ப எப்படி இருக்கு?”

“குனிஞ்சா மட்டும் லேசா இழுக்குது சிஸ்டர்.”

“பெரிய துளைகிட்டயா?” என்று கேட்டபடி கையைச் சரியாக அந்த இடத்தில் வைத்தார்.